ஹார்மோனியத்தில் இருந்த ஓட்டை

கோலார் தங்கவயல் ஊரிகத்தில் இன்பராஜைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, தொட்டில் குழந்தைகள். இன்னொன்று, சுரங்க வேலைக்கு ஆயுசில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போகாத உத்தமர்கள். இரண்டாவது வகையில் ஊரில் யாரும் இருந்ததாகத் தகவல் இல்லை. மற்ற அத்தனை பேரும் டைம் ஆபீஸ் ஜன்னலில் அவன் முகத்தில் விழித்தவர்கள்தான்.

ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதும். அது ஓய்வதற்குள் ஜன்னலுக்கு வந்து டோக்கன் வாங்கியவன் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகலாம். சங்கு ஓய்ந்ததும் இன்பராஜ் பலகையைச் சாத்துவான். சாத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு சொல் சொல்வான்: "லேட்டு." அதைச் சொல்லுகிற அழகைப் பார்க்க வேண்டும். காலையில் சூரியனுக்கே இவன்தான் டோக்கன் கொடுத்து மேலே அனுப்புகிற மாதிரி இருக்கும்.

"வூட்ல கொயந்தைக்கு ஜொரம் சார்" என்று ஒருவன் கெஞ்சுவான்.

"கொயந்தைக்கு ஜொரம்னா கேஜ் நிக்குமா?" என்பான் இன்பராஜ்.

அந்தக் கேஜில் அவன் ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறான். பாதி வழியிலேயே குமட்டிக்கொண்டு வந்து, மேலே ஏறியதும் மாற்றுச் சட்டை தேட வேண்டியதாகிவிட்டது. அது வேறு கதை. அதை அவனிடம் யாரும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட ஆசாமிக்குச் சங்கீதம் வேறு வரும். 'பொன்னொலி இன்னிசைக் குழு' என்று பெயர் எழுதிய பேனர் ஒன்று வைத்திருந்தான். குழுவுக்குத் தலைவர், கீபோர்டு, அறிவிப்பாளர் எல்லாம் அவனே. பாடுவது அவன் மனைவி பிலோமினா. கிடார்காரனும் பேஸ்காரனும் சுரங்கத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று எப்போதோ பெங்களூருக்குக் கம்பி நீட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தவன் டிரம்ஸ் முனிரத்தினம். பூமிக்குக் கீழே லெவல் என்கிற சுரங்கப் பாதையில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவனுக்கு. ஷிப்ட் முடிந்து மேலே வந்து, குளித்து, டிரம்ஸை சைக்கிளில் கட்டிக்கொண்டு அவன் கல்யாண மண்டபத்துக்கு வருவதற்குள் மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்திருப்பார். இன்பராஜ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயும் சொல்வான்: "லேட்டு."

முனிரத்தினம் பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பிப்பான். கூட்டம் ஆட ஆரம்பிக்கும். இன்பராஜ், எல்லாரும் தன் வலது கை விரல்களுக்குத்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

தொண்ணூற்றெட்டில் பெங்களூரில் சம்பங்கி என்பவரின் இசைக்கருவிக் கடைக்குப் போனபோதுதான் அவன் தலையில் சனி ஏறி உட்கார்ந்தது. சம்பங்கி ஒரு புது கீபோர்டைக் காட்டினார். அதில் 'ஸ்டைல்' என்று ஒன்று உண்டு. மூன்று நாலு சுரம் சேர்ந்த ஒரு கார்டை இடது கையால் பிடித்தால் போதும்; டிரம்ஸ், தபேலா, பேஸ் கிடார் எல்லாம் தானாகவே வாசிக்கும். கார்டை மாற்றினால் அத்தனையும் கூடவே மாறும். ஒரு பொத்தானை அமுக்கினால் முன்னிசை, இன்னொன்றை அமுக்கினால் முடிவு. ஆள் வேண்டாம், அம்பு வேண்டாம்.

ஒரே ஒரு குறை. அதில் இருந்ததெல்லாம் வால்ட்ஸ், சம்பா, போல்கா. போல்காவை வைத்துக்கொண்டு தங்கவயலில் ஒரு ரிசப்ஷன் நடத்த முடியுமா? செருப்பு பறக்கும்.

"நம்ம தாளம் யாரும் போட்டுக் கொடுக்கல இன்பராஜு" என்றார் சம்பங்கி, கன்னடம் கலந்த தமிழில். "கம்ப்யூட்டர்ல ரெடி பண்ணி ஃபிளாப்பில போட்டுக் கொடு, அஷ்டே, அவ்ளோதான். பெங்களூர் பூரா ஆர்கெஸ்ட்ராக்காரங்க வந்து நிப்பாங்க."

இன்பராஜ் கீபோர்டோடு ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினான். வழியெல்லாம் மானிட்டரைப் பிரசவ வார்டிலிருந்து வாங்கி வந்த பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தான். பங்காரப்பேட்டையில் ரயில் மாறும்போது ஒரு கிழவி உட்கார இடம் கேட்டதற்கு, "இதுக்கு ஷாக் ஆவக் கூடாதும்மா" என்று சொல்லி அவளை நிற்க வைத்தான்.

பிறகு ஆரம்பித்தது லைன் வீட்டுக்காரர்களின் கஷ்ட காலம். அந்த வீடுகளுக்கு நடுவில் இருப்பது சுவர் என்று பேர்தான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு ஆயுசு' என்பார்கள். இன்பராஜ் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு அடியையும் ஒரு சின்னக் கட்டமாக மவுஸால் வைப்பான். வைத்ததை ஓடவிட்டுக் கேட்பான். ஒரு கட்டத்தை இடது பக்கம் நகர்த்துவான். மறுபடி கேட்பான். ஒரே ஒரு வரித் தாளம், வாரக் கணக்கில்.

"இன்னா தம்பி, ரெக்கார்டு மாட்டிக்கிச்சா? தட்டி வுடுப்பா!" என்று பக்கத்து வீட்டு ரத்தினம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். அதன் பிறகுதான் ஹெட்போன் வாங்கினான்.

சும்மா சொல்லக் கூடாது, உழைத்தான். முதல் ஸ்டைலில் எல்லாக் கருவிகளும் கார்டோடு நகர்ந்தபோது பேஸ் மட்டும் நகரவில்லை. வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிறகும் வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி அது பாட்டுக்கு ஒரே சுரத்தில் நின்றது. அதையும் சரி செய்தான். முன்னிசை, முதல் பகுதி, இரண்டாம் பகுதி, இடையில் ஒரு உருட்டு, முடிவு என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டினான். ஆனால் அந்த மென்பொருளில் அவன் மனதைப் பறிகொடுத்தது வேறு ஒன்றிடம். 'குவாண்டைஸ்' என்று ஒரு கட்டளை. தாமதமாக விழுந்த அடிகளையெல்லாம் ஒரே சொடுக்கில் இழுத்து வந்து கோட்டில் நிறுத்திவிடும். டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இதைவிட வேறு மோட்சம் உண்டா? ஒவ்வொரு தடவை சொடுக்கும்போதும் தனக்குள்ளே "லேட்டு, லேட்டு" என்று முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டான். பிலோமினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஸ்டைல் தயாரானதும் முனிரத்தினத்தைக் கூப்பிட்டான்.

"நாளைலர்ந்து நீ வர வேணாம்பா."

"இன்னாண்ணே, ப்ரோக்ராம் கேன்சலா?"

"ப்ரோக்ராம் கீது. நீதான் இல்ல. தாளம் இப்ப ஃபிளாப்பில கீது."

முனிரத்தினம் ஃபிளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணி பாட்றதுக்கு இது ஒத்து வருமாண்ணே?"

"யோவ், இது கம்ப்யூட்டருய்யா."

"அதுக்குத்தான் கேக்குறேன்" என்றான் முனிரத்தினம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தங்கவயலின் இன்னொரு சுரங்கப் பகுதியான பாலகாட்டில் ஒரு ரிசப்ஷனில் அரங்கேற்றம். முன்னிசை அமர்க்களமாக வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார்கள். பிலோமினா பாட ஆரம்பித்தாள். முதல் வரி சரி. இரண்டாவது வரி முடிவில் தாளம் ஒரு அடி முன்னால் போனது. நாலாவது வரி முடிவில் இரண்டு அடி. சரணத்துக்கு வருவதற்குள் பாட்டு பாலகாட்டிலும் தாளம் ஊரிகத்திலும் இருந்தன.

"யாரோ ரெண்டு பேரு தனித்தனியா கச்சேரி பண்றாங்கப்பா" என்று பெண்ணின் மாமன் சத்தமாகவே சொன்னார். இன்பராஜ் முடிவுப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கரண்ட் ஏற்ற இறக்கம் என்று அறிவித்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியை நிற்க வைத்து, கம்ப்யூட்டரை வெறும் டிக் டிக் சத்தம் போடச் சொல்லிப் பாட வைத்தான். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு இரண்டாவது வரி முடிவிலும் பிலோமினா சரியாக ஒரு அடி நிற்கிறாள்.

அவள் மேல் தப்பில்லை. சிறு பெண்ணாக இருந்தபோது அவள் பாடக் கற்றது தங்கவயலிலேயே கோரமண்டல் பக்கத்தில் ஒரு சின்ன மாதா கோவில் பாடகர் குழுவில். அங்கே இருந்த ஹார்மோனியத்தின் துருத்தியில் ஒரு ஓட்டை. இரண்டு வரிக்கு மேல் காற்றுத் தாங்காது. வாசிக்கிறவர் இரண்டாவது வரி முடிந்ததும் ஒரு அடி நிறுத்தி, 'புஸ்ஸ்' என்று துருத்தியை இழுத்து அமுக்கிக் காற்று பிடிப்பார். அதுவரைக்கும் மொத்தக் குழுவும் காத்திருக்கும். துருத்தியைத் தைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காத்திருப்பு பிலோமினாவின் நெஞ்சில் ஊறிவிட்டது. சினிமாப் பாட்டுக்கும் நின்றாள், தாலாட்டுக்கும் நின்றாள்.

இது முனிரத்தினத்துக்கு முதல் நாளே தெரியும். அந்த ஒரு அடிக்கு டிரம்ஸில் ஒரு உருட்டு உருட்டி யாருக்கும் தெரியாமல் மூடிவிடுவான். வருஷக் கணக்காக அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஊருக்கே நேரம் பார்த்தவனுக்குத் தன் பெண்டாட்டி ஒரு அடி பின்னால் வருவது மட்டும் தெரியாமலே போயிற்று.

"நீ லேட்டு!" என்று கத்தினான் இன்பராஜ்.

டைம் ஆபீஸ் சொல் பிலோமினாவின் மேல் பாய்ந்தது அன்றுதான் முதல் தடவை. பிலோமினாவின் முகம் சுருங்கிப்போனது. அடுத்த கணமே கையிலிருந்த கரண்டி உயர்ந்தது.

"நானா லேட்டு? உங்க டப்பாதான் அவசரப்படுது. இத்தினி நாளா ஆளுங்ககூடப் பாடனேன், ஆளுங்க நின்னாங்க. இது நிக்க மாட்டேங்குது. இதுக்கு இன்னா, ரயிலுக்கு நேரமாவுதா?"

அந்தப் பக்கம் ரத்தினம்மா, "அப்டிக் கேளும்மா!" என்றாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்று வேளையும் களிதான். முனிரத்தினத்தைத் திரும்பக் கூப்பிட மானம் தடுத்தது. மனைவியைத் திருத்தப் பயம் தடுத்தது. கடைசியில் இன்பராஜ் ஒரு வேலை செய்தான். நாலு நாலாகத் தாளம் எண்ணிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிடம் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணச் சொன்னான். இரண்டு வரி முடிகிற இடத்தில் ஒரு வெற்றடியை நுழைத்துவிட்டான். தாளம் ஓடும், ஒரு அடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மறுபடி ஓடும். என்றோ கோவிலில் கிழிந்த துருத்தியை அப்படியே ஃபிளாப்பிக்குள் ஏற்றிவைத்தான்.

அடுத்த கச்சேரியில் பாட்டும் தாளமும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிலோமினா இறங்கும்போது, "பாத்தீங்களா, உங்க டப்பா திருந்திடுச்சு" என்றாள். இன்பராஜ் தலையாட்டினான். வெளியே மட்டும் வாய் ஓயவில்லை. "பாடறவங்க மூச்சைக்கூட நம்ம ஸ்டைல் புரிஞ்சிக்கும்" என்று டீக்கடையில் அளந்தான்.

இரண்டாயிரத்தில் சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு உறுதியாகிவிட்டது. யூனியன்காரர்கள் கொடி பிடித்தார்கள். இன்பராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். கீழே இறங்க ஆளே இல்லாவிட்டால் யாருக்கு டோக்கன் கொடுப்பது, யாரைப் பார்த்து லேட் என்பது? டைம் ஆபீஸ் வேலையை வைத்துக்கொண்டு உலகத்தில் வேறு எங்கே போய் நிற்பது? அவன் சம்பங்கியிடம் ஓடினான்.

"கடையில உக்காந்து ஸ்டைல் போட்டுக் கொடுக்க ஆள் பேக்கு, வேணும்" என்றார் சம்பங்கி. "ஆனா நான் லைவ்வா கேக்கணும். மேடையில ஜனங்க முன்னாடி எப்படி நிக்குதுன்னு பாக்கணும். சரியா இருந்தா வேலை உனக்குத்தான்."

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, கச்சேரி இல்லை. ஆவணியில் முதல் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சம்பங்கி சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதமும் இன்பராஜ் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அதனால் பிலோமினா மத்தியானங்களில் எங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் முனிரத்தினம் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி டெய்சி ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில், "எங்க வூட்டுக்காரருதான் உங்களுக்காக ஒரு அடி நிறுத்தி மூடுவாரு அண்ணி, இப்ப யாரு நிறுத்துறா?" என்று வெகுளியாகக் கேட்டுவிட்டாள். பிலோமினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமும் தப்பாகவா பாடியிருக்கிறோம்? அப்படியானால் இப்போது? தன் புருஷன்தான் ஒவ்வொரு இரண்டாவது வரிக்கும் பொத்தானை அமுக்கித் தனக்காகத் தாளத்தை நிறுத்துகிறார், வாய்விட்டுச் சொல்லவும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த எண்ணத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கரண்டியைத் தூக்கினோமே என்று நொந்துகொண்டாள். சம்பங்கி வருகிற நாளில் புருஷன் கை ஒரு தடவை தவறினால்கூட வேலை போய்விடுமே என்று பயந்தாள்.

முனிரத்தினம் குடத்தைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டினான். டெய்சி அவித்த வேர்க்கடலையோடு காவல் உட்கார்ந்தாள். "நிக்காத அண்ணி, போ, போ, போய்ட்டே இரு" என்று அவன் விரட்ட விரட்ட, பிலோமினா நெஞ்சில் ஊறிப்போன அந்த ஹார்மோனியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினாள். மாதம் முடிவதற்குள் கோட்டில் வைத்த மாதிரி பாடினாள். கணவனிடம் மூச்சுவிடவில்லை. மேடையில் அவருக்கே தெரியட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

ஆவணிக் கல்யாணம். முன் வரிசையில் பட்டு வேட்டியோடு சம்பங்கி. பின்னால் எங்கோ முனிரத்தினமும் டெய்சியும். இன்பராஜ் பொத்தானை அமுக்கினான். முன்னிசை பிரமாதம். பிலோமினா பாடினாள். இரண்டாவது வரி முடிந்தது. தாளம் நின்றது. பிலோமினா நிற்கவில்லை.

இன்பராஜ் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். 'எப்படி?' என்று புருவத்தை வேறு உயர்த்தினாள். நாலாவது வரியில் தாளம் மறுபடி நின்றது. அவள் மறுபடி போய்க்கொண்டே இருந்தாள். இப்போது பாட்டு முன்னால் ஓட, தாளம் செருப்பு அறுந்தவன் மாதிரி பின்னால் வந்தது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. பிலோமினாவின் சிரிப்பு மட்டும் நின்றது. ஒன்றும் புரியாமல் அவள் பாட்டை நிறுத்தினாள்.

சம்பங்கி எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். "ஏன் இன்பராஜு? தப்பு யார்து? ஸ்டைலா, அம்மாவா?"

இரண்டே பதில்தான். ஸ்டைலில் ஓட்டை வைத்தவன் நான் என்று சொல்லலாம், வேலை போகும். இன்பராஜ் ஒரு கணம் மனைவியைப் பார்த்தான். பிறகு மைக்கைக் கையில் எடுத்தான். அதுதான் கொடுமை. சம்பங்கியின் காதோடு சொல்லியிருக்கலாம், மைக்கில் சொன்னான்.

"பெரியவங்க மன்னிக்கணும். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. பாடகிக்குத் தாளம் கொஞ்சம் லேட்டு."

பிலோமினா மைக்கை நாற்காலியில் வைத்தாள். மேடையை விட்டு இறங்கி, நேராகப் பந்திக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தாள். டெய்சி ஓடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிலோமினா அழவில்லை. ரசம் வரைக்கும் சாப்பிட்டாள்.

சம்பங்கி லேசுப்பட்ட ஆள் இல்லை. "எங்கே, பாட்டு இல்லாம வாசி, கேப்போம்" என்றார். இன்பராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசித்தான். இரண்டு வரிக்கு ஒரு தடவை தாளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இதேனு? ஏன் நிக்குது?"

ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு இன்னொன்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "அது எங்க தங்கவயல் பாணி சார். பரம்பரையா இங்க அப்டித்தான் வாசிப்பாங்க. கீழ லெவல்ல கல்லு ஒடைக்கசொல்ல ரெண்டு அடி அடிச்சிட்டு மூச்சு எடுப்பாங்கல்ல, அதுலர்ந்து வந்தது."

கேஜில் ஏறினால் குமட்டுகிறவன் வாயில் என்ன மாதிரி கற்பனை பாருங்கள்! சம்பங்கி கண்ணை மூடிக் கேட்டார். தொடையில் தட்டினார். "ஹொசதாகிதெ, புதுசா இருக்கு! யார்கிட்டயும் இல்ல இது. கேஜிஎஃப் பீட்டுன்னே பேர் போடலாம். நீ வந்துடு."

அடுத்த ஆண்டு சுரங்கத்தை மூடினார்கள். சங்கு ஓய்ந்தது. ஊர் முழுக்க வேலை போய் நின்றபோது இன்பராஜ் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு காலை ரயிலில் பெங்களூருக்குப் போனான். கடையில் அவனுக்கு ஒரு கண்ணாடி அறை. குத்துப் பாட்டு, மெலடி, பஜனை என்று எல்லாவற்றுக்கும் ஸ்டைல் போட்டான். எதைப் போட்டாலும் சம்பங்கி கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த நிக்கற இடம் எல்லி, எங்க போச்சு?" ஓட்டை இல்லாத ஸ்டைலை வாங்க ஆள் இல்லை. ஃபிளாப்பி ஃபிளாப்பியாகப் பிரதி எடுத்துப் பெங்களூர் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கொண்டுபோனார்கள். கோட்டில் நிற்காததைக் கண்டால் ஆகாதவன், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் பிலோமினா சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பாடவில்லை. கோவிலுக்குப் போனால்கூட வாயசைக்கவில்லை என்று ரத்தினம்மா ஊருக்கே சொல்லிவிட்டாள். இன்பராஜ் ஒருநாள், "ஏதாவது பாடேன்" என்று கேட்டான். "லேட்டாயிடும்" என்றாள் அவள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இல்லை என்பது அவனுக்கே தெரிந்திருந்தது, அதுவரைக்கும் பாராட்டலாம்.

அந்த வருஷக் கடைசியில் ரத்தினம்மா மகள் அமலாவுக்குக் கல்யாணம். ரத்தினம்மா ஜம்பமாகப் பெங்களூரிலிருந்து ஆர்கெஸ்ட்ரா வரவழைத்தாள். கீபோர்டில் வினய் என்று முடியை நிமிர்த்தி வாரிய ஒரு பையன். பாட நேத்ரா என்று ஒரு பெண். டிரம்ஸ் இல்லை. பொத்தானை அமுக்கியதும் இன்பராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் போட்ட ஸ்டைல்தான். நேத்ரா இரண்டு வரி பாடினாள், அழகாக ஒரு அடி நின்றாள், அடுத்த வரிக்குப் போனாள். அந்தப் பாட்டு பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது போல இருந்தது.

ரத்தினம்மா விடவில்லை. "எங்க பிலோமினா பாடட்டும்! எம் பொண்ணுக்கு அவதான் பாடணும்!" என்று மேடை ஏறிக் கத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். பிலோமினா மறுத்தாள். அமலாவே மணமேடையிலிருந்து கை கூப்பியதும் எழுந்து போனாள்.

பாடினாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, பிறகு தெளிந்தது. இரண்டாவது வரி முடிவில் தாளம் நின்றது. அவள் போய்விட்டாள். வினய் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"ஆன்ட்டி, ஒன் செகண்ட். இது கேஜிஎஃப் பீட். ரெண்டு லைனுக்கு ஒரு பீட் நிக்கணும். உங்க ஊரு தாளம் உங்களுக்கே தெரியலையா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பிலோமினா சிரிக்கவில்லை. கூட்டத்தில் கண்ணை ஓட்டி இன்பராஜைக் கண்டுபிடித்தாள்.

"இன்னாங்க" என்றாள் மைக்கில், சாதாரணமாக, கடைக்குப் போகிறவரிடம் உப்பு வாங்கி வரச் சொல்லுகிற குரலில். "நின்னு பாடணுமா, நிக்காம பாடணுமா? நீங்களே சொல்லுங்க."

மொத்த மண்டபமும் திரும்பியது. எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. காலை ரயில் ஞாபகம் வந்தது. இன்பராஜ் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தான்.

பிலோமினா அவன் நிமிரும்வரை காத்திருக்கவில்லை. "அந்தப் பொட்டிய நிறுத்து ராஜா" என்று வினயிடம் சொன்னாள். அவன் நிறுத்தினான். வெறும் குரலில் ஆரம்பித்தாள். முனிரத்தினம் கையைத் தட்ட ஆரம்பித்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் தட்டினான். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரு காலத்தில் டைம் ஆபீஸ் ஜன்னலில் திட்டு வாங்கியவர்கள். அத்தனை பேரும் தட்டினார்கள். ஓர் இடத்தில்கூட நிற்காமல், தடுக்காமல், பிலோமினா அந்தக் கைத்தட்டலின் மேல் நடந்து போனாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை இன்பராஜ் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

அவனுக்கும் தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினான். முதல் வரி, இரண்டாவது வரி. கண்ணாடி அறையில் பழகிப்போன கை தன் பாட்டுக்கு ஒரு அடி நின்றது. நின்று, பிறகு விழுந்தது. எல்லார் கையும் ஓய்ந்த சின்ன இடைவெளியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, அவன் கை மட்டும் தனியாக ஒலித்தது.

முன் வரிசையில் இருந்த முனிரத்தினம் தட்டுவதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் லேசாகத் திருப்பினான்.

"லேட்டுண்ணே" என்றான்.